பங்காரம்மா டீ குடிக்காத வருஷம்

பங்காரம்மா சாய்கட்டைப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தால் வெள்ளியங்கிரி மலை கொஞ்சம் நகர்ந்து இடம் விடும். சிறுவாணித் தண்ணீர் குழாய்க்குள் வருகிற வழியில் நின்று ஆட்டத்தை வேடிக்கை பார்க்கும். கோயம்புத்தூர் கணபதியில் தண்ணீர் லேட்டாக வருவதற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள், உண்மைக் காரணம் இதுதான். மருதமலைக்கும் மதுக்கரைக்கும் நடுவில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. செவ்வாய்க் கிரகத்தில் யாராவது இருந்து, அவர்களும் கட்டை உருட்டுகிறவர்களாக இருந்தால், தோற்றுப்போய் ஒரு தேங்காய் பன் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஊர் திரும்ப முடியும். ஒரே ஒருத்தர் அவளை ஒரே ஒரு தடவை ஜெயித்தார். எப்படி ஜெயித்தார், அதற்கு என்ன வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பதுதான் இங்கே விஷயம்.

பங்காரம்மா அன்னூர்ப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகிக் கணபதிக்கு வந்து, பம்ப்செட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிற ஒரு ஷெட்டில் சேர்ந்தாள். இன்னமும் அங்கேதான் இருக்கிறாள். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். கோபம் வந்தால் இரண்டும் கிடையாது, வாயைப் பூட்டிக்கொள்வாள். புருஷன் கோவிந்தராஜுலு குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். சாது. கல்யாணமான புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை சாம்பார் தண்ணியாகத்தான் இருக்கும். மகள் ஹாரிகா காலேஜுக்குப் போகிற வயதாகிவிட்டது, சாம்பார் இன்னும் கெட்டியாகவில்லை. கோவிந்தராஜுலு ஒன்றும் பேசாமல் பிசைந்து சாப்பிடுவார். மன்னிப்பு என்கிற சாமான் அவளுடைய கடையில் ஸ்டாக் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

சாய்கட்டை கடையில் விற்கிற விளையாட்டு இல்லை. கரண்ட் அடிக்கடி போய்க்கொண்டிருந்த காலத்தில் அந்த ஷெட்டிலேயே பிறந்தது. மெஷின் நின்றுபோனால் என்ன செய்வது? மோட்டாரை அடைத்து அனுப்புகிற மரப்பெட்டியில் மிஞ்சிய துண்டுகளை வைத்து, பங்காரம்மாவும் அவளோடு வேலை செய்கிற செவ்வந்தியும் ஆட ஆரம்பித்தார்கள். பலகையில் பக்கத்துக்கு ஏழு கட்டம். ஆளுக்கு நாலு கட்டை. நிமிர்த்தினால் கட்டை ஒரு கட்டத்தில் நிற்கும், சாய்த்தால் இரண்டு கட்டத்தில் படுக்கும். தூக்கி வைக்கக் கூடாது, தள்ளக் கூடாது, உருட்டத்தான் வேண்டும். நிற்கிற கட்டை ஏதாவது ஒரு பக்கம் சாயலாம். படுத்த கட்டை அப்படியே புரண்டு படுக்கலாம், அல்லது தலைமாட்டிலோ கால்மாட்டிலோ எழுந்து நிற்கலாம். பக்கத்துக் கட்டத்தில் போய் நிற்பதற்கே சாய்ந்து, புரண்டு, எழுந்து என்று மூன்று முறை உருள வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஆகவே ஆகாது.

நம் பக்கத்துக் கடைசி வரிசையில் நடுக் கட்டத்துக்கு ஊடு, அதாவது வீடு, என்று பெயர். எதிராளியின் ஊட்டில் நம் கட்டை எழுந்து நின்றால் ஜெயம். படுத்தால் செல்லாது. அடுத்தவர் ஊட்டில் போய்ப் படுப்பது மரியாதை இல்லை என்று செவ்வந்தி வைத்த சட்டம் அது. முறை வந்தால் உருட்டியே ஆக வேண்டும், சும்மா உட்காரக் கூடாது என்பதும் அவள் சட்டம்தான். அவளால் சும்மா உட்கார முடியாது. நிற்கிற கட்டை சாயும் இடத்தில் எதிராளியின் கட்டை படுத்திருந்தால், அதை எடுத்துவிட்டு அங்கே சாயலாம். நிற்கிற கட்டையின் மேல் யாரும் சாய முடியாது.

எடுக்கும்போதுதான் இருக்கிறது இந்த ஊர். அடுத்தவர் கட்டையைப் படக்கென்று கையில் எடுக்க இங்கே யாருக்கும் மனசு வராது. "எடுத்துக்கிறனுங்க" என்பார் ஒருத்தர். "எடுங்க எடுங்க" என்பார் மற்றவர். சாப்பாட்டுப் பந்தியில் இன்னும் கொஞ்சம் ரசம் என்று கேட்பதைப் போல. அதைச் சொல்லாமல் ஒருத்தர் இருக்க முடியும் என்று யாரும் கனவிலும் நினைத்ததில்லை.

நினைத்தவர் சென்னகிருஷ்ணன். ஷெட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி லேத் பட்டறை வைத்திருக்கிறார். அந்தத் தெருவில் அவரைவிட மரியாதை தெரிந்த ஆளைக் காட்ட முடியாது. நாய் குறுக்கே வந்தால்கூட "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்பார். ஆட்டம் தெரு முழுக்கப் பரவி, பொங்கல் விளையாட்டு விழாவில் சேர்ந்தபோது, சட்டத்தையெல்லாம் ஃப்ளெக்ஸில் அடித்து உமர் பாரூக்கின் பேக்கரிச் சுவரில் மாட்டியவர் அவர்தான். ஒவ்வொன்றையும் பங்காரம்மாவிடம் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினார். எதிராளி "எடுங்க" என்று சொன்ன பிறகே கட்டையை எடுக்க வேண்டும் என்று சொன்னது அவள் வாய்தான். மரியாதை தெரியாத வெளியூர்க்காரர்கள் ஆட வந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்று பெருமையாகச் சொன்னாள்.

போன வருஷம் இறுதி ஆட்டம். சென்னகிருஷ்ணனின் கட்டை ஒன்று பங்காரம்மாவின் ஊட்டுக்குப் பக்கத்தில் வந்து படுத்திருந்தது. அடுத்த உருட்டலில் எழுந்து ஊட்டுக்குள் நின்றுவிடும். ஆனால் முறை அவளுடையது. அந்தக் கட்டையின் மேல் சாய்வதற்குத் தோதாக அவளுடைய கட்டை ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் விரலை வைத்து, "எடுத்துக்கிறனுங்கண்ணா" என்றாள்.

சென்னகிருஷ்ணன் டீ கிளாஸை எடுத்து ஒரு வாய் குடித்தார். சுவரைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். அவள் மறுபடியும் கேட்டாள். அவர் கிளாஸின் அடியிலிருந்த சர்க்கரையை ஆட்டிக் கலக்கினார். நடுவராக நின்ற உமர் பாரூக் ஃப்ளெக்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். எழுதியிருப்பது எழுதியிருப்பதுதானே. சொல்லவில்லையென்றால் எடுக்க முடியாது. அவள் முறை அப்படியே கழிந்தது. சென்னகிருஷ்ணன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கட்டையை நிதானமாக எழுப்பி அவள் ஊட்டில் நிறுத்தினார்.

"ரூல்ல இருக்குதுங் அம்மணி" என்றார். அதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

மறுவாரம் பேக்கரிச் சுவரில் மாலை போட்ட மாதிரி பூ பார்டர் வைத்து அவருடைய போட்டோ ஏறியது. சாம்பியன் சென்னகிருஷ்ணன். சட்ட ஃப்ளெக்ஸின் அடியில் இரண்டு வரி புதிதாக முளைத்தது. "எடுங்க" சொல்லாவிட்டால் முறை மாறும். ஆட்டம் சமமானால் பழைய சாம்பியனே சாம்பியன்.

பங்காரம்மா அன்றைக்கே டீயை விட்டாள். அந்தப் போட்டோவைத் தன் ஆட்டத்தால் கீழே இறக்குகிற வரைக்கும் ஒரு சொட்டு டீ தொண்டையில் இறங்காது என்று செவ்வந்தியிடம் மட்டும் சொன்னாள். செவ்வந்தியிடம் மட்டும் சொன்னதால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கோயம்புத்தூரில் பேக்கரி டீயை விடுவது சாதாரணம் இல்லை. முதல் மாதம் தலைவலியில் அவள் கண் சிவந்தே இருந்தது. டீ நேரத்தில் எல்லோரும் பேக்கரிக்குப் போக, அவளும் கூடவே போய், போட்டோவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து சுடுதண்ணீர் குடிப்பாள். கோவிந்தராஜுலு ஒரு தடவை, போனாப் போகுது, விளையாட்டுத்தானே என்று ஆரம்பித்தார். அந்த வாரம் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது.

செவ்வந்தியின் மகள் நவ்யா அப்போது பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டுவிட்டு ஷெட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். ஏன் படிப்பை விட்டாய் என்று கேட்காத ஒரே ஆள் பங்காரம்மாதான். கேட்காததோடு நிறுத்தாமல், மத்தியானம் தன் டிபன் பாக்ஸின் மூடியில் பாதியைப் போட்டு அவள் பக்கம் தள்ளிவிடுவாள், அவள் முகத்தைப் பார்க்காமலே. நவ்யாவுக்கு நன்றி சொல்லத் தெரியாது. தெரிந்ததெல்லாம் குறும்பு. சென்னகிருஷ்ணனின் டீயில் உப்பைப் போட்டாள். அவர் பெயரைச் சொல்லி ஒரு கூடை முட்டை பப்ஸ் ஆர்டர் கொடுத்தாள். அவருடைய போட்டோவுக்கு மோட்டார் வார்னிஷில் மீசையை இரண்டு பக்கமும் காது வரைக்கும் நீட்டினாள். அதைத் துடைக்க முடியாமல் உமர் பாரூக் அப்படியே விட்டுவிட்டார். அந்த மீசையில்தான் அவருக்கு ஒரு கம்பீரமே வந்தது.

பங்காரம்மாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. நவ்யாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"உப்புப் போட்டுக் கெலிக்கிறதுக்கு நா எதுக்குடி? அந்தாள நாலு பேரு பாக்கப் பலகை மேலதான் சாய்க்கோணும். பலகைக்குக் கீழ ஒண்ணும் வேண்டாம், ஆமா."

பிறகு பயிற்சி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு செவ்வந்தி சென்னகிருஷ்ணனாக உட்கார வேண்டும். எடுத்துக்கிறேன் என்று கேட்டால் பதில் சொல்லக் கூடாது. செவ்வந்திக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணாலேயே பேசி, கடைசியில் தாங்காமல் பக்கத்து வீட்டுச் சீரியல் கதையை ஆரம்பித்துவிடுவாள். பங்காரம்மா காது கொடுக்காமல் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்தப் பக்கம் போனாலும் அதே மௌனம்தான் வழியை மறித்தது. கேட்டுத்தான் எடுக்க வேண்டும், கேட்டால் கிடைக்காது. எடுக்காமலே ஊட்டுக்குள் போகலாம் என்றால், ஊட்டில் அவர் ஒரு கட்டையைக் காவலுக்கு நிறுத்திவிடுவார். நிற்கிற கட்டையை யாராலும் எடுக்க முடியாது.

ஒருநாள் செவ்வந்தி சலித்துப்போய், இனிமேல் நீயே அந்தாளா உட்காரு, நான் பங்காரமா ஆடறேன் என்று பலகையைத் திருப்பிப் போட்டாள். பங்காரம்மா சென்னகிருஷ்ணனின் இடத்தில் உட்கார்ந்து, அவருடைய காவல் கட்டைக்குப் பின்னாலிருந்து பலகையைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீயை விட்டதற்கப்புறம் வந்த முதல் சிரிப்பு. இந்தப் பக்கத்திலிருந்து எடுப்பதென்றாலும் கேட்டுத்தானே எடுக்க வேண்டும். எடுப்பதைத் தவிர வேறு வழியே இல்லாத இடத்தில் அந்தாளைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால், கேட்கிற வாய் அவருடையது, சொல்கிற வாய் இவளுடையது.

இந்த வருஷம் பொங்கல் விழாவில் எதிர்பார்த்தபடியே இறுதியில் இவர்கள் இரண்டு பேர். பேக்கரிக்கு முன்னால் பெஞ்சு போட்டுப் பலகையை வைத்தார்கள். தெருவே சுற்றி நின்றது. சென்னகிருஷ்ணன் வெள்ளை வேட்டியில் வந்து, எல்லோருக்கும் கும்பிடு போட்டு, செருப்பைக் கழற்றிப் பெஞ்சுக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

தொடக்கத்தில் தாராளமாக ஆடினார். போன வருஷத்துக் கெட்ட பேரைத் துடைக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். பங்காரம்மா எடுத்துக்கிறேன் என்று கேட்டதும், "எடுங்க அம்மணி, உங்களுக்கு இல்லாததா" என்று கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். இரண்டு கட்டை அப்படிப் போயிற்று. வேண்டாத இரண்டு கட்டை. அதற்கப்புறம் ஒரு கட்டையை ஊட்டில் காவலுக்கு நிறுத்தினார், இன்னொன்றை வலது மூலையில் நிறுத்தினார். சமமானால் அவர்தான் சாம்பியன், அவருக்கு என்ன அவசரம்?

பங்காரம்மாவின் நாலு கட்டையும் முழுசாக இருந்தன. ஒன்றை உருட்டி உருட்டிக் கொண்டுபோய் அவர் ஊட்டுக்கு வலது பக்கத்துக் கட்டத்தில் நிறுத்தினாள். இன்னொன்றை மூலைக் கட்டைக்கு முன்னால் நிறுத்தினாள். இந்த இரண்டும் மறித்ததில் மூலைக் கட்டை முன்னாலும் பக்கத்திலும் சாய வழியில்லாமல் ஓரத்தோடு நின்றது. மூன்றாவதைக் காவல் கட்டைக்கு முன்னால் நீளவாக்கில் படுக்க வைத்தாள். நான்காவது, ஊட்டுக்கு இடது பக்கம், கடைசி வரிசையிலேயே தலையை ஊட்டுப் பக்கம் வைத்துப் படுத்தது.

கூட்டத்தில் சிலர் உச்சுக்கொட்டினார்கள். காவல் கட்டை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எடுத்துக்கொள்கிற மாதிரி இரண்டு கட்டைகளைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருக்கிறாளே, பித்துப் பிடித்துவிட்டதா என்று கேட்டார்கள். சென்னகிருஷ்ணனும் முதலில் அப்படித்தான் நினைத்து மீசையைத் தடவினார். பிறகு தடவிய கை நின்றது.

முறை அவருடையது. மூலைக் கட்டை அசையாது. காவல் கட்டை வலது பக்கம் சாய முடியாது, அங்கே அவள் கட்டை நிற்கிறது. சாய்ந்தால் முன்னால் சாய வேண்டும், அல்லது இடது பக்கம் சாய வேண்டும். முன்னால் படுத்திருப்பதை எடுத்தால் ஊடு காலியாகும், இடது பக்கத்துக் கட்டை எழுந்து உள்ளே நிற்கும். இடது பக்கத்தில் இருப்பதை எடுத்தால் முன்னால் இருப்பது எழுந்து உள்ளே நிற்கும். உருட்டாமல் சும்மா இருக்கவும் கூடாது.

சென்னகிருஷ்ணனுக்கு நெற்றி வேர்த்தது. சுவரை ஒரு தடவை பார்த்தார். தான் எழுதிச் சேர்த்த வரி கண்ணில் பட்டது. "எடுங்க" சொல்லாவிட்டால் முறை மாறும். முகம் தெளிந்தது. கேட்டுவிட வேண்டியதுதான். பதிலுக்குப் பதில் செய்யத்தானே இந்த ஒரு வருஷமும் இவள் காத்திருக்கிறாள்? கோபம் வந்தால் வாயைப் பூட்டிக்கொள்கிறவள். பேசாமல் இருப்பாள், முறை மாறும், காவல் அப்படியே நிற்கும். அவளுடைய கோபமே அவரைக் காப்பாற்றிவிடும்.

முன்னால் படுத்திருந்த கட்டையைக் காட்டி, "எடுத்துக்கிறனுங் அம்மணி" என்றார். கேட்டுவிட்டு, அவளுக்கு இன்னும் கொஞ்சம் எரியட்டும் என்று சேர்த்துக்கொண்டார். "போன வருஷத்த மனசுல வச்சுக்காதீங்க."

பங்காரம்மா பதில் பேசவில்லை. தலையைத் திருப்பி, "பாய், ஒரு டீ போடுங்க. சக்கரை கொஞ்சம் தூக்கலா" என்றாள்.

சபதம் தெரிந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். டீ வந்தது. கிளாஸைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. சென்னகிருஷ்ணன் மறுபடியும் கேட்டார். அவள் சுவரில் மீசையோடு இருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவி அடங்கியது. டீ மேல் ஆடை கட்டியது. உமர் பாரூக் முறை மாற்றம் என்று சொல்ல வாயெடுத்தார். சென்னகிருஷ்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

அப்போதுதான் பங்காரம்மா கிளாஸைக் கீழே வைத்தாள்.

"எடுத்துக்கங்கண்ணா. ஊட்ட உட்டு எறங்கி, தாராளமா எடுத்துக்கங்க."

சென்னகிருஷ்ணன் துண்டைத் தோளிலிருந்து இறக்கினார். பிறகு, பரவால்லீங் அம்மணி, எனக்கு வேண்டாமுங்க என்று இழுத்தார்.

"கேட்டுப்போட்டீங்க. உருட்டித்தான் ஆகோணும், ரூல்ல இருக்குதுங்கண்ணா" என்றாள் பங்காரம்மா.

அவர் கட்டையை எடுத்தார். காவல் ஊட்டை விட்டு முன்னால் சாய்ந்தது. பங்காரம்மா இடது பக்கத்துக் கட்டையை எழுப்பி அவர் ஊட்டின் நடுவில் நிறுத்தினாள். அவள் கை துளியும் நடுங்கவில்லை. ஒரே விரலால், பூவைத் திருப்புகிற மாதிரி நிறுத்தினாள்.

சென்னகிருஷ்ணன் எழுந்து, செருப்பில் காலை நுழைத்து, ஒரு அடி வைப்பதற்குள் முன்னால் சரிந்து உமர் பாரூக்கின் தோளைப் பிடித்துக்கொண்டார். தோல்வி அவ்வளவு கனம் என்று பேசிக்கொண்டார்கள். அவர் செருப்பை அப்படியே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார். பங்காரம்மா விடவில்லை. போட்டோவைத் தன் கையாலேயே இறக்கி, பேப்பரில் சுற்றி, பின்னாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஊட்டில் மாட்டிக்கொள்ளச் சொன்னாள், உங்கூட்டம்மாவும் மீசையைப் பார்க்கட்டும் என்றாள். அதையும் மரியாதையாகத்தான் சொன்னாள். திரும்பி வந்து ஆறிப்போன டீயை ஆடையோடு ஒரே மூச்சில் குடித்தாள்.

இவ்வளவையும் நவ்யா எழுதி முடித்து, ஷெட்டில் டீ நேரத்தில் பங்காரம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். பங்காரம்மா காயிலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள். மலை நகர்ந்ததற்கும் தண்ணீர் நின்றதற்கும் ஒன்றும் சொல்லவில்லை, அதெல்லாம் இருக்கலாம் என்கிற மாதிரி இருந்தாள். அந்தாளுக்கு மட்டும் அவரு, எனக்கு அவளா என்று ஒரு இடத்தில் கேட்டாள். நவ்யா, அவர் என்று எழுதினால் யாரோ மாதிரி இருக்கிறது என்றாள். பங்காரம்மா கம்பியைக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றினாள்.

வாசித்து முடித்ததும் காயிலைக் கீழே வைத்தாள்.

"கை நடுங்கலையின்னு எழுதியிருக்கியே கண்ணு, நீ எங்கிருந்து பாத்தே?"

நேராகத்தான் பார்த்தேன், முன்னாலேயேதான் நின்றேன் என்றாள் நவ்யா.

பங்காரம்மா மேஜைக்கடியில் கையை விட்டு ஒரு ஜோடி செருப்பை எடுத்து மேலே வைத்தாள். இரண்டு செருப்பின் வாரும் ஒன்றோடு ஒன்று செம்புக் கம்பியால் நெருக்கமாக, வரிசை பிசகாமல் சுற்றியிருந்தது.

"என்ற கை வெடவெடன்னு ஆடுச்சு. கட்டை உழுந்துருமோன்னு ரெண்டு கையிலயும் புடிச்சு நிறுத்தினேன், தெருவே பாத்துச்சு. பெஞ்சுக்கடியில இருந்தவளுக்கு எப்பிடித் தெரியும்? பலகைக்குக் கீழ ஒண்ணும் வேண்டாம்னு சொன்னனா இல்லியா?"